டிரையருக்குப் பின்னால் காய்ந்த ஷூ

கான்வாஸ் ஷூவைத் தண்ணீரில் முக்குவதற்கு முன்னால் வெளியே கொண்டுபோய் ஒன்றோடொன்று மோதித் தட்ட வேண்டும். இது தெரியாமல் எங்கள் பாக்டரியில் முதல் வாரமே ஐந்து பேர் ஏமாந்தார்கள். நாள் முழுவதும் தேயிலைத் தூள் பறக்கிற அறையில் போட்டுக்கொண்டு நின்ற ஷூ அது. தையல் ஓரத்திலும் நாக்குக்கு அடியிலும் தூள் அப்பிக் கிடக்கும். அதை அப்படியே சுடுதண்ணீரில் போட்டால் வேறென்ன ஆகும், வாளி நிறைய டீதான். சனிக்கிழமை வெள்ளை ஷூவோடு வீட்டுக்குப் போனவர்கள் திங்கட்கிழமை காவி நிறத்தில் மாட்டிக்கொண்டு வந்தார்கள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அடுத்தவர் முட்டாள்தனத்தைப் பார்த்துச் சிரிப்பதில் நான் எப்போதும் முதல் ஆள்.

என் பெயர் ஆனந்தி. தேவிகுளத்துக்குக் கீழே இருக்கிற ஓர் எஸ்டேட்டின் பாக்டரியில், காய்ந்த தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும் அறையில் வேலை. ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். என் வீட்டுக்காரர் வீரபாண்டி அதே பாக்டரியில் அடுப்புக்கு விறகு போடுகிறவர், அவர் பர்மனென்ட். வருகிற மார்ச் மாதம் அவருக்கு ஓய்வு. நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடு கம்பெனி வீடு, பர்மனென்ட் ஆளுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். மார்ச்சுக்குள் எனக்குப் பர்மனென்ட் ஆகாவிட்டால், இருபத்தாறு வருஷம் குடியிருந்த வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு மலை இறங்க வேண்டியதுதான். எங்கே போய் இறங்குவது என்று இருவருக்குமே தெரியாது. போடியில் அவருடைய அண்ணன் இருக்கிறார். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பார், அதோடு சரி.

வெளிநாட்டில் தேயிலை வாங்குகிறவர்கள் ஆள் அனுப்பிப் பாக்டரியைச் சோதிக்கப் போகிறார்கள் என்றும், அது நல்லபடியாக முடிந்தால் மூன்று பேரைப் பர்மனென்ட் ஆக்குவோம் என்றும் மே மாதம் சொன்னார்கள். அந்த மூன்று பேரில் நானும் ஒருத்தி. ஷூ வந்ததும் அந்தச் சோதனைக்காகத்தான். ஆளுக்கு ஒரே ஜோடி, வெள்ளை வெளேர் என்று. தேயிலைத் தூளுக்கு நடுவில் நிற்கிறவளுக்கு வெள்ளை ஷூ கொடுக்கலாம் என்று எந்த மகராசனுக்குத் தோன்றியதோ, அவன் வீட்டில் துவைக்கிற வேலை வேறு யாருடையதாகவோ இருக்கும்.

சனிக்கிழமை சலிக்கிற அறைக்கு மட்டும் அரை நாள், டிரையர் ராத்திரி வரைக்கும் ஓடும். மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் ஷூவைத்தான் கையில் எடுப்பேன். நாடாவை உருவித் தனியாக ஊறப்போட வேண்டும். உள்ளே இருக்கும் அட்டையையும் உருவி எடுத்துவிட வேண்டும், அது நனைந்தால் மூன்று நாளைக்கு ஈரம் விடாது. பழைய பல் பிரஷால் காய்ந்தபடியே தூளைத் துருவித் தட்டிய பிறகு, சமையல் சோடாவும் பாத்திரம் விளக்கும் சோப்பும் குழைத்துத் துணிமேல் பூசி, வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். அழுத்தினால் நூல் பிரிந்து பஞ்சு கிளம்பும். ரப்பர் ஓரத்துக்குப் பற்பசையே போதும். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகக் கூடாது. போட்ட அன்றைக்கு வெள்ளை, மறுவாரம் மஞ்சள். கடைசியில் சோப்பு ஒரு சொட்டு மிச்சமில்லாமல் அலச வேண்டும், மிச்சமிருந்தால் காயும்போது அதுவும் மஞ்சள் கோடாகக் கிளம்பும். அலசியபின் வெள்ளை டிஷ்யூ காகிதத்தை ஈரத்தோடு ஈரமாக ஷூமேல் ஒட்டிவிட்டால், அழுக்குத் தண்ணீரெல்லாம் காகிதத்துக்கு ஏறிவிடும். பக்கத்து வீட்டு ஜெஸ்னாவின் புருஷன் ரிசார்ட்டில் வேலை செய்கிறான். காகிதம் அவள் கொடுத்தது.

இவ்வளவும் நன்றாகவே செய்தேன். காயவைப்பதில்தான் வந்தது வினை.

ஜூன் பிறந்தால் எங்கள் பக்கம் வெயில் என்பது ஒரு வார்த்தை, அவ்வளவுதான். கைக்குட்டை காய நாலு நாள் ஆகும். லயத்தில் எல்லாரும் அடுப்புக்கு மேலே கயிறு கட்டித்தான் துணி போடுவோம். புடவைக்கும் சட்டைக்கும் அது சரி. வெள்ளை ஷூவை அங்கே தொங்கவிட்டால் புகை ஏறிப் பழுத்த இலை மாதிரி ஆகிவிடுகிறது. வெளியே தாழ்வாரத்தில் வைத்தால் காயவே இல்லை. முதல் இரண்டு வாரமும் நான் ஈர ஷூவையே மாட்டிக்கொண்டு போனேன். மூன்றாவது வாரம் ஷூவுக்குள்ளிருந்து பூஞ்சை நாற்றம் வந்தது. என்ன தேய்த்தும் போகவில்லை.

பிறகு ஒரே இடம்தான் மிச்சம், டிரையருக்குப் பின்பக்கம்.

அந்த இடத்தைப் பற்றி யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். தேயிலையைக் காயவைக்கிற டிரையர் மூன்று ஆள் உயரம். அதற்குப் பின்னால், சுவருக்கும் மெஷினுக்கும் நடுவே ஆள் ஒதுங்கி நடக்கிற அளவு இடைவெளி. எந்தக் காலத்திலோ யாரோ இரண்டு கம்பி கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மழைக்காலத்தில் லயத்துப் பிள்ளைகளின் துணியெல்லாம் அந்தக் கம்பியில்தான் காயும். எங்கள் எஸ்டேட்டில் பிறந்த ஒரு குழந்தையும் ஈரத் துணியில் கிடந்ததில்லை. என் மகளும் அந்தக் கம்பியில் காய்ந்த துணியில் வளர்ந்தவள்தான்; இப்போது கட்டிக்கொடுத்துக் கம்பம் டவுனில் இருக்கிறாள். மேனேஜர்கள் வருவார்கள், போவார்கள், பின்பக்கம் மட்டும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

அங்கே ஒரு சட்டம் உண்டு, எழுதாத சட்டம். வாசனை கூடாது. தேயிலையைப் போல அக்கம்பக்கத்து வாசனையை இழுத்துக்கொள்ளும் பொருள் கிடையாது. நாங்கள் தலையில் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு உள்ளே போக முடியாது, முகத்துக்குப் பவுடர் போட முடியாது. டிரையரின் விசிறி வேறு காற்றைப் பின்பக்கத்திலிருந்துதான் உறிஞ்சுகிறது. அதனால் கம்பியில் போடுகிற துணியைச் சோப்பு வாசனைகூட இல்லாமல் அலசிக் கொண்டுவர வேண்டும். டிரையரில் வேலை பார்க்கும் ராமுத்தாய் அக்கா ஒவ்வொரு துணியையும் மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள். சொந்தத் தங்கச்சி துணியையே இரண்டு தடவை திருப்பி அனுப்பியவள்.

அந்தச் சனிக்கிழமை ஷூவைக் கழுவி முடித்தும் பூஞ்சை நாற்றம் போகவில்லை. திங்கட்கிழமை பாக்டரியே நடத்தும் ஒத்திகைச் சோதனை. காலில் நாற்றத்தோடு நின்றால் என்ன எழுதுவார்களோ என்ற பயம் எனக்கு. கடையில் துணிக்கு வாசனை ஏற்றும் திரவம் சின்னச் சின்னப் பாக்கெட்டில் தொங்கும். ஒன்று வாங்கி வந்து, கடைசித் தண்ணீரில் ஊற்றி ஷூவை முக்கி எடுத்தேன். ரோஜா வாசனை கமகமவென்று வந்தது. பிறகு இன்னொரு தண்ணீரில் அலசினேன். போய்விட்டது என்று நானே என்னை நம்பவைத்துக்கொண்டேன்.

நாலு மணிக்குப் பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். ராமுத்தாய் அக்காவுக்கு ஜலதோஷம். மூக்கு சிவந்து தும்மிக்கொண்டிருந்தாள். ஷூவை மூக்கில் வைத்தாள், ஒன்றும் தெரியவில்லை போல.

“ஏத்தா, வாசன எதும் போடலியே?”

“இல்லக்கா. சோடாவும் சோப்பும்தான்.”

“சரி, உள்ள கொண்டு வையி. உன்ன நம்பாம யார நம்ப?”

திங்கட்கிழமை காலையில் ஷூ அலமாரியில் என் இடத்தில் இருந்தது. யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள். மொறுமொறுவென்று காய்ந்து, பாலாக வெளுத்து, நாடாகூடக் கோத்தபடி. போட்டுக்கொண்டு உள்ளே போனேன். ருசி பார்க்கும் மேசையைச் சுற்றிக் கூட்டம்.

எங்கள் அசிஸ்டென்ட் மேனேஜர் ஜோபி சார் பீர்மேட்டுக்காரர், வயசு முப்பதுக்குள்தான். ஆனால் நாக்கு பொல்லாத நாக்கு. கிண்ணம் கிண்ணமாக டீ ஊற்றி வைத்திருந்ததில் ஒன்றை உறிஞ்சித் துப்பினார். இன்னொரு தடவை உறிஞ்சினார். “இதென்ன, ரோசாப்பூ மணம்?” என்றார். சனிக்கிழமை சாயங்காலம் டிரையரில் இறங்கிய தேயிலை மொத்தமும் அப்படி. இருபது மூட்டையை ஓரம் கட்டச் சொன்னார். குனிந்து என் ஷூவைப் பார்த்தேன். கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி பளபளத்தது.

விசாரணைக்குக் கூப்பிட்டபோது ராமுத்தாய் அக்கா முன்னால் போய் நின்றாள். “என் தலைக்கு வாசன எண்ணெ வெச்சிருந்தேன் சார். ஜலதோசம், புத்தி மழுங்கிப்போச்சு. தப்புதான்” என்றாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை. நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். அவள் தலைக்கு எண்ணெய் வைத்தே நான் பார்த்ததில்லை.

மறுநாளிலிருந்து அவளைக் கொழுந்து எடுக்க மலைக்கு அனுப்பிவிட்டார்கள். ஐம்பத்தாறு வயசு, இரண்டு முட்டியும் வீங்கினவள். மழையில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு சரிவில் நின்று கொழுந்து கிள்ளுவதை நான் பாக்டரி ஜன்னலிலிருந்து பார்த்தேன். இரண்டாம் நாள் ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன்.

வீரபாண்டி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, “பேசாம இரு ஆனந்தி. அந்தக்கா தானாத்தானே சொல்லிச்சு? மார்ச் வரைக்கும் வாயத் தொறக்காத” என்றார்.

“நான்தாங்க பொய் சொன்னேன். அதுக்கு அவ மலையில நிக்கிறா.”

“வீடு போயிரும்.”

“போகட்டும்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரிந்தது. இருந்தாலும் ஒரு நிம்மதி. இத்தனை வருஷத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் இதுவாக இருக்கப் போகிறது என்று நினைத்தேன். மறைப்பானேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வியாழக்கிழமை ஆபீசுக்குப் போனேன். ஜோபி சார் பெரிய ரிஜிஸ்டரைத் திறந்து வைத்து எழுதிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். ஷூ என்னுடையது, வாசனை நான் ஊற்றியது, ராமுத்தாய் அக்கா என்னிடம் கேட்டாள், நான் இல்லை என்றேன், எண்ணெய் கிண்ணெய் ஒன்றும் கிடையாது. சொல்லச் சொல்ல என் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. அவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவர் மலையாளத்தில் காயவைப்பது என்றால் உணக்குவது.

“சேச்சி அந்த ஷூவை எங்க வெச்சு உணக்கினது?”

ராமுத்தாய் அக்கா ஏன் எண்ணெய் என்று சொன்னாள் என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது. நாலு நாளாக நான் என் தப்பையும், என் வீட்டையும், அவள் முட்டியையும் மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கம்பியை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. திரும்பக் கதை கட்டப் பார்த்தேன். “ஷூவப் போட்டுக்கிட்டு டிரையர் பக்கம் போனேன் சார்” என்று இழுத்தேன். அவர் எழுந்துவிட்டார். முட்டாள் இல்லை அவர்.

பின்பக்கம் அவரோடு நானும் போனேன். கம்பியில் பதினொரு துணி தொங்கியது, எல்லாம் ஜெஸ்னாவின் மூன்று மாதப் பிள்ளையுடையது. வெள்ளைப் பருத்தித் துணி. ஜோபி சார் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். மூக்கிலும் வைத்துப் பார்த்தார்.

“எனக்கும் வீட்டுல சின்னக் குஞ்சு உண்டு சேச்சி” என்றார். கைக்குழந்தையை அவர் குஞ்சு என்பார். “பார்க்காம இருந்திருந்தா பார்க்காத மாதிரி போயிருக்கலாம். இப்ப பார்த்துப்போச்சு. அடுத்த வாரம் ஆள் வருது. நான் என்ன செய்ய?”

கோபம் இல்லாமல் அவர் அதைச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்று சாயங்காலமே கம்பியை வெட்டி எடுத்தார்கள். இடைவெளியின் இரண்டு பக்கமும் இரும்பு வலை அடித்துப் பூட்டுப் போட்டார்கள்.

வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள். ஓர் ஆணும் ஓர் அம்மாளும், தலைக்கு வலைத் தொப்பி போட்டுக்கொண்டு. அவர்களுக்குப் பாக்டரியில் எல்லாவற்றையும்விடப் பிடித்தது ஜோபி சாரின் ரிஜிஸ்டர்தான். என்ன நடந்தது, என்ன காரணம், என்ன நடவடிக்கை என்று மூன்று கட்டமும் நிரம்பியிருந்தது. தொழிலாளி தானே முன்வந்து சொன்னார் என்று எழுதியிருந்த இடத்தில் விரல் வைத்து, யார் அது என்று கேட்டார்களாம். என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். குனிந்து என் ஷூவைப் பார்த்து ஏதோ சொன்னாள். ரொம்பச் சுத்தமாக இருக்கிறதாம், ஜோபி சார் சொன்னார்.

ஆகஸ்ட் முதல் வாரம் எனக்குப் பர்மனென்ட் ஆர்டர் வந்தது. மூன்று பேரில் முதல் பெயர் என்னுடையது. வீரபாண்டி அதை வாசித்துவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். நான் எடுத்து டிரங்குப் பெட்டிக்குள் போட்டேன். தண்டனை கிடைக்கும் என்று போனவளுக்குப் பரிசு கிடைத்தால் அதை எந்தக் கையால் வாங்குவது? வாங்கத்தான் வாங்கினேன். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. வீடு வேண்டும்.

ராமுத்தாய் அக்காவை டிரையருக்குத் திருப்பி எடுக்கவில்லை. எண்ணெய் என்று பொய் சொன்னதற்கு அது தண்டனை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். முட்டிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

“உனக்காகத்தான்க்கா போய்ச் சொன்னேன்” என்றேன்.

“நான் சொன்ன பொய் உனக்காகன்னு நெனச்சியாக்கும்? அன்னிக்கு ஷூவ எடுக்கயில கையெல்லாம் ரோசா வாசன அடிக்கி, எனக்கே அப்பதான் மூக்கு தெறந்துச்சு. துணி பூராத்தையும் அள்ளி ஒளிச்சு வெச்சிட்டுத்தான் அவருட்ட போய் நின்னேன். ரெண்டு மாசம் கொழுந்து எடுத்திருப்பேன். அதுக்குள்ள அவரு மறந்திருப்பாரு, கூப்பிட்டிருப்பாரு. கம்பி அது பாட்டுக்குக் கெடந்திருக்கும்.”

ஒத்தடத் துணியைச் சுடுதண்ணீரில் முக்கிப் பிழிந்தாள்.

“உனக்கு மனசு உறுத்துச்சுன்னா எங்கிட்ட வந்து அழுதிருக்க வேண்டியதுதான? ஆபீசுக்கு எதுக்குப் போன?”

அவளிடம் போய் அழுதிருந்தால் அது எங்கள் இருவருக்குள் முடிந்திருக்கும். எனக்கு அது போதவில்லை. சுத்தமாகிவிட்டேன் என்று ஒருவர் எழுதித் தர வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டிருக்கிறேன். எழுதியும் தந்துவிட்டார்கள்.

ஆடி மழை நிற்கவே இல்லை. ஜெஸ்னாவின் வீட்டில் பிள்ளைத் துணி அடுப்புக்கு மேலே ஏறியது. பாதி காய்ந்தபடியே எடுத்துச் சுற்றுவாள் போலிருக்கிறது, பிள்ளை இரவும் பகலும் இருமியது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைக் கல் சுவர், ஒவ்வொரு இருமலும் கேட்கும். தண்ணீர்க் குழாயடியில் நான் போனால் பேச்சு நின்றுவிடும். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன், அதில் நான் குறைந்தவள் இல்லை.

எங்கள் வீட்டில் இரண்டு அறை. உள் அறையிலிருந்த கட்டிலையும் பீரோவையும் முன்னறைக்கு இழுத்துப் போட்டோம். வீரபாண்டி முணுமுணுத்துக்கொண்டே ஆணி அடித்து நாலு வரிசை கம்பி கட்டினார். இரும்புச் சட்டியில் புகை அடங்கிய கரித்தணலைப் போட்டு நடுவில் வைத்து, மேல் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தோம். முதலில் என் ஷூவைத்தான் போட்டுப் பார்த்தேன். ஒரே பகலில் காய்ந்தது, மஞ்சள் ஏறவில்லை. குழாயடியில் போய்ச் சொன்னேன், பிள்ளைத் துணி யாருக்கு இருந்தாலும் கொண்டுவந்து போடுங்கள் என்று. குடத்தை எடுத்துக்கொண்டு எல்லாரும் கலைந்து போனார்கள்.

ஒரு வாரம் கம்பி சும்மா கிடந்தது. தினமும் காலையில் தணல் போட்டேன், சாயங்காலம் சாம்பலை அள்ளிக் கொட்டினேன். கரியைக் கரியாக்குகிறாள் என்று வீட்டுக்காரரே கேலி செய்தார்.

எட்டாவது நாள் காலை, நான் வேலைக்குப் புறப்பட்டு வாசலில் நிற்கும்போது, ஜெஸ்னா ஒரு கையில் வாளியோடும் தோளில் பிள்ளையோடும் வந்தாள். வாளியை வாங்கக் கை நீட்டினேன், கொடுக்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒற்றைக் கையாலேயே ஒவ்வொரு துணியாக உதறிக் கம்பியில் போட்டாள். ஒரு துணி கீழே விழுந்தது. நான் எடுப்பதற்குள் அவளே குனிந்து எடுத்துக்கொண்டாள். பிள்ளை என் பக்கம் பார்த்து இருமியது. அதன் மேலெல்லாம் அடுப்புப் புகை வாசனை.

“சாயங்காலம் வந்து எடுத்துக்கிடுதேன்” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பாக்டரிச் சங்கு ஊதியது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தேன். பர்மனென்ட் ஆன பிறகு நான் எடுத்த முதல் லீவு அதுதான். தணல் அணைந்துவிடாமல் ஊதிக்கொண்டும், துணிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டும், சாயங்காலம் வரைக்கும் அந்த அறையிலேயே இருந்தேன்.